மூன்றாம் பக்கத்துக் கட்டம்

– எழுபத்தோராயிரத்து அறுநூற்றி நாப்பது ரூபா. அதை நீங்கள் எனக்குத் தர வேண்டாம், றேமண்ட் அண்ணை.

– இருங்க ஹம்சிகா மிஸ். வெள்ளவத்தையிலருந்து இந்த வெயில்ல கொட்டாஞ்சேனை வரைக்கும் பஸ்ல வந்திருக்கீங்க. மொதல்ல பிளேன் டீயக் குடிங்க.

– குடிக்கிறன். ஆனா சொல்லுறதக் கேளுங்கோ. உங்கட கார் இன்சூரன்ஸுக்கு நான் போட்ட காசுதானே, அதை மறந்திடுங்கோ.

– மறக்கிற சல்லியா அது? அந்தச் சின்னக் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட அலைஞ்சேன். முழுசாக் கட்டுன்னாங்க. மச்சான்மாரு ரெண்டு பேரும் போனையே எடுக்கல. நீங்கதான் ஒங்க கார்டுலருந்து கட்டினீங்க. எந்த ஏஜென்ட் மிஸ் அப்பிடிச் செய்வாங்க? எம் பொஞ்சாதி ஐறீன் இன்னமும் ஒங்க பேரைச் சொல்லித்தான் மெழுகுவத்தி கொளுத்துறா.

– ஐயோ, எனக்கு ஒரு மெழுகுவத்தியும் வேண்டாம்.

– ஏன் மிஸ்?

– வியாழக்கிழமை பேலியகொடையில மழைத்தண்ணி வழுக்கி, மீன் லொறிக்குப் பின்னால போய் இடிச்சனீங்களே. அப்ப காருக்குள்ள ஆர் இருந்தது?

– மீன் வாங்கப் போன அஹ்ஸன் நானா. வாடகைதான். அவருக்கு ஒரு கீறலும் இல்ல. காருக்குத்தான் மூஞ்சி பூராப் போச்சு. கராஜ்ல நாலரை லட்சம் சொல்றான்.

– அந்த வாடகைதான் பிரச்சினை. கம்பனிக்காரர் அந்த இடத்துக்கே வந்து படம் எடுத்தவை எல்லே? விசாரிச்சிருப்பினம்.

– விசாரிச்சாங்க. வாடகைன்னு சொன்னேன்.

– ஏன் சொன்னனீங்கள்? சொந்தக்காரர் எண்டு சொல்லியிருக்கலாம்தானே!

– அஹ்ஸன் நானா எனக்கு எந்த வழியில சொந்தம் மிஸ்? பள்ளிவாசல் வழியிலயா, மாதா கோயில் வழியிலயா?

– பகிடி விடாதேங்கோ அண்ணை. என்னெண்டா... ஃபோர்ம் நிரப்பேக்க, வாடகைக்கும் ஓடுவன் எண்டு நீங்கள் என்னட்டச் சொன்னனீங்கள். வாடகைக் காருக்கு இன்னும் முப்பதினாயிரம் மட்டில கூட. உங்களால ஏலாது எண்டு நினைச்சன். மூண்டாம் பக்கத்தில ரெண்டு கட்டம் இருந்தது. நான் ‘சொந்தப் பாவனை’ எண்ட கட்டத்தில சரி போட்டிட்டன். நான் விரல் வச்ச இடத்தில நீங்கள் பெருமையாக் கையெழுத்து வச்சீங்கள். இனிக் கம்பனி ஒரு சதமும் தராது.

– டீ ஆறுது மிஸ்.

– உங்கட பிழைப்புப் போகுது, டீயாம் டீ! நாளைக்கு நானே போய்ச் சொல்லப் போறன். வேலை போனாப் போகட்டும்.

– பாருங்க மிஸ், முப்பத்தொரு வருசம் ஹாபர்ல மூட்டை தூக்கினேன். முதுகு போனப்புறம்தான் இந்தக் கார். அத்தனை வருசமும் சம்பளத் துண்டுல பெருவிரலைத்தான் அமுக்கினேன். எவ்வளவு போட்டான், எவ்வளவு வெட்டினான், ஒண்ணும் தெரியாது. ஐம்பத்திரண்டு வயசுலதான் கோயில் ஹோல்ல அந்திக் கிளாசுக்குப் போனேன். என் பேரை எழுதவே ஒரு மாசம் போச்சு.

– தெரியும் அண்ணை. அதாலதானே எனக்கு உங்களில அவ்வளவு மரியாதை. பொலிசியத் தமிழில தாங்கோ எண்டு என்னட்டக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

– எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க, அலுமாரில வைக்கவா? படிச்சேன் மிஸ். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். விரலை வச்சி, எழுத்துக் கூட்டி. மூணாம் நாளு மூணாம் பக்கம்.

– அண்ணை...

– நேரா பெரிய ஒபிசுக்குப் போனேன். வாடகைன்னு மாத்தணும்னா முப்பத்தோராயிரம் கூட வேணும்னாங்க. இந்த முதுகோட பதினெட்டு விடியக்காலை மீன் பெட்டி இறக்கினேன். கட்டிட்டேன். இந்தா ரசீது. நேத்துப் போன் பண்ணாங்க, கராஜ் காசை அவங்களே குடுப்பாங்களாம்.

– அம்மாளாச்சி! பத்து மாசமா எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!

– எனக்கு நல்லது செய்யணும்னு செஞ்சீங்க. அதைப் போயி எப்பிடி மொகத்துக்கு நேரா கேக்கிறது? இந்தாங்க, சீட்டு விழுந்திச்சு. எழுபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பது. எண்ணிப் பாருங்க.

– பொறுங்கோ... ஓம், சரியா இருக்கு. கணக்கு முடிஞ்சுது. ஆனா ஒண்டு அண்ணை. கட்டத்தை மாத்தேக்க, முதல்ல ஆர் பிழையாப் போட்டது எண்டு கட்டாயம் கேட்டிருப்பினம். ஏஜென்டைத்தான் பிடிப்பினம். எனக்கு ஒரு கடிதமும் வரேல்லையே?

– கேட்டாங்க மிஸ். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, ஃபோர்ம்ல இருக்கிற கையெழுத்தும் பாத்து வரஞ்சதுதான், மிஸ் பாக்காத நேரம் நான்தான் கட்டம் மாறிக் கீறிட்டேன்னு சொன்னேன். அவங்க நம்பணுமேன்னு, கையெழுத்துக் கேட்ட இடத்துல பெருவிரலை அமுக்கிட்டு வந்தேன்.