திரும்பிப் போனவன்

— அம்மா, ஏணி எங்கம்மா?

— எடுத்துட்டேன்.

— எடுத்துட்டியா? நானும் ஜெர்வினும் கூரை மேல நிக்கிறோம்மா.

— தெரியும்டா ரெய்னான். தகரம் ஒழுகுதுன்னு உங்க ரெண்டு பேரையும் ஏத்திவிட்டதே நான்தானே. நீ ஊருக்கு வந்து மூணு நாளாச்சு. அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசல. ஒருத்தன் சாப்பிட உக்காந்தா இன்னொருத்தன் எந்திரிச்சுப் போறான். பேசி முடிங்க, ஏணி வரும்.

— வெயில் மண்டையப் பொளக்குதும்மா.

— பொளக்கட்டும். உள்ள கொஞ்சம் வெளிச்சமாவது போகும்.

— டேய் ஜெர்வின், நீயாவது சொல்லுடா.

— ஆணியக் குடு.

— ஆணி கேக்க மட்டும்தான் வாய் தொறக்குமா?

— தகரம் ஆடுது. குடு அண்ணே.

— இந்தா. இந்தா பாரு, நாளைக்கு மணிலாவுக்கு விமானம்ல உனக்கு? தேசிய டீம் முகாம் ஆரம்பிக்குதாமே.

— ம்.

— பை ஒண்ணும் கட்டின மாதிரி தெரியலையே.

— போகல.

— போகாம?

— மாமாவோட மீன் படகுக்கு ஆள் வேணுமாம்.

— நீ படகுல ஏறினா மீனுங்களுக்குத்தான் விருந்து. அலையப் பாத்தாலே வாந்தி எடுக்கிறவன் நீ.

— பழகிக்குவேன்.

— இந்தா பாரு, நாட்டுக்காகப் போன் கேம் ஆடுற அஞ்சு பேர்ல ஒருத்தன்டா நீ. போன் நோண்டிட்டே கெட்டுப் போவான்னு உன்னச் சொன்னவங்க எல்லாம் இன்னிக்கு அவங்க புள்ளைங்ககிட்ட உன் பேரைத்தான் சொல்றாங்க.

— சொல்றாங்கதான். நேத்து சந்தை முக்குல ஜீப்னி வண்டியப் பின்னால எடுக்கணும். பின்னாடி நின்னு கைகாட்டுற பையன் டிரைவரப் பாத்து, "ஜெர்வின் போடு, ஜெர்வின் போடு"ங்கிறான். ரிவர்ஸ் கியருக்கு என் பேரை வெச்சிருக்காங்க.

— நீ பக்கத்துல நின்னது அவனுக்குத் தெரியுமா?

— நிக்கல. வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன்.

— எங்கிட்டயும் மீன்காரி கேட்டா. "நெனிதா, நீ கைதட்டினியா அழுதியா"ன்னு. பைனல் அன்னிக்குக் கூடைப்பந்து மைதானத்துல பெரிய திரை கட்டி ஊரே பாத்துச்சு. இந்தப் பக்கம் என் சின்னவன் நம்ம கொடி போட்ட சட்டையில ஆடுறான். அந்தப் பக்கம் என் பெரியவன் கம்போடியாக்காரனுக்குக் கோச்சா கையக் கட்டிட்டு நிக்கிறான். தோத்ததும் ஊரே திரும்பி என்னப் பாக்குது. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிறது, மாதாவே.

— அம்மா, ஒட்டுக் கேக்காம அடுப்பப் பாரேன்.

— ஒட்டுக் கேக்கலடா. என் கூரைக்கு அடியில நின்னு என் காதால கேக்கிறேன்.

— சரி கேளுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு தடவை சொல்லிடறேன். நம்ம நாட்டுல இந்த விளையாட்டு நல்லா தெரிஞ்சவன் தெருவுக்குப் பத்து பேர் இருக்கான். கோச் வேலைதான் இல்ல. கம்போடியாக்காரன் கூப்பிட்டான், போனேன்.

— அதப் பத்தி நான் எப்பவாவது கேட்டேனா அண்ணே?

— கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். நீ உக்காந்திருக்க பாரு, அந்த மூலை. அங்கதான் சிக்னல் வரும், ஞாபகம் இருக்கா? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே போன். உன் இடது கட்டைவிரல் ஆளை ஓட்டும், என் வலது கட்டைவிரல் அடிக்கும்.

— நீ அடிக்கிறதுக்குள்ள நான் ஓடிருவேன்.

— அதுக்கு நான் உன் மண்டையில குட்டுவேன். பாத்தியா, சிரிச்சிட்டே.

— சிரிக்கல. வெயிலு கண்ணக் கூசுது.

— அந்தக் கடைசி ஆட்டத்தப் பத்திப் பேசலாமா?

— எல்லாரும் பேசியாச்சு.

— நான் பேசல.

— பேச என்ன இருக்கு? உங்க கோட்டை வாசல்ல நிக்கிறோம். இன்னும் நாலு அடி அடிச்சா கோட்டை விழுது, தங்கம் நமக்கு. பின்னால ஆத்தோரத்துல எங்க டீம் நோனோய் மாட்டிக்கிட்டான். உசுரு கொஞ்சமாத்தான் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் கோட்டைய விட்டுட்டு அவனக் காப்பாத்தத் திரும்பினேன். புதருக்குள்ள உங்க பசங்க நாலு பேர் ஒளிஞ்சிருந்தாங்க. நான் செத்தேன், அவன் செத்தான், அப்படியே நேரா வந்து எங்க கோட்டைய உடைச்சாங்க. நேத்து விளையாடக் கத்துக்கிட்டவன்கூட அந்த நேரத்துல திரும்ப மாட்டான். போதுமா?

— நோனோயை ஏன் உடனே கொல்லலன்னு யோசிச்சியா?

— விடு அண்ணே.

— ஒருத்தன் அடிக்கிறான், நிறுத்துறான். மறுபடி அடிக்கிறான், நிறுத்துறான். சாகவும் விடல, ஓடவும் விடல.

— விடுன்னேன்ல.

— விடமாட்டேன். நீ ஆடத் தெரியாமத் தோக்கலடா. அது பொறி. உனக்குன்னே வெச்சது. வெச்சவன் நான்.

— சுத்தியலச் சரிவுல வெக்காத. உருண்டு அம்மா தலையில விழும்.

— நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு.

— எங்க பசங்க மாசக்கணக்காக் கேட்டுட்டிருந்தாங்க. "கோச், உங்க தம்பிய எப்படி மடக்கிறது?" நான் சிரிச்சு மழுப்பிட்டே வந்தேன். அவன மடக்க முடியாதுடா, வேற எவனையாவது பாருங்கன்னேன். பைனல் அன்னிக்குக் காலையில, கோலாலம்பூர் ஓட்டல்ல ஒருத்தனும் தட்டத் தொடல. அத்தனை பயம். ரத்தனக்னு ஒரு பொடியன், மீசைகூட முளைக்கல. வந்து மெதுவாச் சொல்றான், "கோச், தம்பிக்கு எதிரா நீங்க முழு மனசா நிக்க முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்"னு. கோபமாச் சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்றான்டா. அப்பதான் வாய விட்டேன்.

— என்ன சொன்னே?

— "ஜெர்வின அடிக்காதீங்க. அவன் கூட்டாளி ஒருத்தன அடிங்க. கொன்னுடாம வெச்சிருங்க. எங்க நின்னாலும், என்ன கையில இருந்தாலும், விட்டுட்டுத் திரும்பி வருவான்"னு சொன்னேன்.

— உனக்கு எப்படிடா தெரியும்?

— அம்மா, நீ உள்ள போம்மா.

— போகமாட்டேன். திரும்பி வருவான்னு உனக்கு எப்படித் தெரியும், ரெய்னான்?

— இந்தக் கூரைதான்மா. வெள்ளம் வந்த அன்னிக்கு.

— மாதாவே. ஆறு ஊருக்குள்ள வந்த அன்னிக்கா? பக்கத்து வீட்டு ஆளுங்க டயரக் கயித்துல கட்டி என்னையும் இவனையும் மாமரத்துக்கு இழுத்துட்டாங்க. உன் கால் இங்க உத்தரத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. தண்ணி உன் கழுத்துக்கு வந்துடுச்சு. எட்டு வயசுப் புள்ள இவன், நான் இறுக்கிப் புடிச்ச கையக் கடிச்சுட்டு உங்கிட்டத் திரும்பிக் குதிச்சான். அதையாடா போய் ஊரான் புள்ளைங்ககிட்ட சொன்னே?

— கதையெல்லாம் சொல்லலம்மா. திரும்பி வருவான்னு மட்டும்தான் சொன்னேன்.

— அதுதான்டா கதை.

— அம்மா, அழாதம்மா.

— அழல. ஏணிய வெச்சுட்டேன். எறங்கறதுன்னா எறங்குங்க. நான் உள்ள போறேன், என்னால இதுக்கு மேல கேக்க முடியல.

— அம்மா. அம்மா. போயிட்டா பாரு.

— போகட்டும். நீ சொல்ல வந்ததச் சொல்லி முடி.

— என்னத்தச் சொல்ல? ஜெயிச்சதும் பசங்க என்னத் தூக்கிப் போட்டுப் புடிச்சாங்க. ஒவ்வொரு தடவை மேல போகும்போதும் உன் தலை தெரிஞ்சுது. ஹெட்போனக்கூட கழட்டாம அப்படியே உக்காந்திருந்தே. எதிர்ப் பக்கம் நின்னதுக்கு நான் வெக்கப்படலடா, அது என் பொழப்பு. மத்த எல்லாத்தையும் என் மூளையால யோசிச்சுத்தான் ஜெயிச்சேன். இது ஒண்ணுதான் உங்கிட்டயிருந்து திருடினது. இதுக்குத்தான் வெக்கமா இருக்கு. ராத்திரி கண்ண மூடினா நோனோய் ஆத்தோரத்துல துடிச்சிட்டு நிக்கிறான், நீ திரும்பறே.

— ம்.

— ம்முன்னா என்னடா? திட்டு. நாலு அறை விடு.

— அறைஞ்சா கீழ விழுவே. அப்புறம் அதுக்கும் நான்தான் எறங்கி ஓடி வரணும்.

— ஜெர்வின், தயவுசெஞ்சு நாளைக்குப் போ. இருபத்தொரு வயசுல இதோட முடிஞ்சு போகக் கூடாது. நீ புத்தியில்லாமத் திரும்பலன்னு ஊருக்கே நான் சொல்றேன். நேரலையில வந்து என் வாயால சொல்றேன். வேலை போனாப் போகட்டும். உங்க கோச்கிட்டயும் பேசுறேன், அண்ணன்தான் காட்டிக் குடுத்தான், பையன் மேல தப்பில்லன்னு.

— சொன்னா?

— சொன்னா அந்த ஜீப்னிக்காரன் வாய மூடுவான். நீ தலை நிமிந்து போலாம். உன் ஆட்டத்துல குறையே இல்லடா. இந்தா பாரு, ஒண்ணே ஒண்ணுதான், ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னா உனக்கு வேற எதுவும் கண்ணுல படறதில்ல. புதரப் பாக்கிறதே இல்ல. அன்னிக்கு ஒரு தடவை புதரப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பே.

— பாத்தேன் அண்ணே.

— என்ன பாத்தே?

— புதரத்தான். ஒருத்தன் நோனோயை அடிச்சிட்டிருக்கான், மீதி நாலு பேரையும் வரைபடத்துல காணோம். வேற எங்க இருப்பாங்க? எங்க கேப்டன் காதுல கத்துறான், "பொறிடா, போகாத"ன்னு. பாத்தாலே தெரியுது, பொறி மாதிரிதான் இருக்கு. நோனோய் கூப்பிட்டுட்டே இருக்கான். நான் ஒரு நொடி நின்னேன்.

— நின்னியா? தெரிஞ்சும் ஏன்டா போனே?

— பொறியா இருந்தா, நான் திரும்புவேன்னு யாரோ அவங்களுக்குச் சொல்லியிருக்கணும். அது தெரிஞ்ச ஆள் அந்தப் பக்கத்துல ஒருத்தன்தான். அவன் சாகிற வரைக்கும் சொல்ல மாட்டான், அதனால இது பொறியா இருக்காதுன்னு நெனச்சுத்தான் திரும்பினேன்.