என் மனைவி பணியில் சேர்ந்த நாள்

தலைமை நாற்காலிக்குத் தம் தகைமையால் பெருமை சேர்க்கும் ஓய்வூதியர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்கு இருபுறமும் இரு தூண்களாய் வீற்றிருக்கும் செயலாளர், பொருளாளர் பெருமக்களே! என்னினும் மூத்த, ஆகவே என்னைத் திருத்தும் உரிமை பெற்ற சான்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்து, மின்விசிறி எட்டாத கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் நெஞ்சார வணங்குகிறேன்.

"ஓய்வுக்குப் பின் இணையவழி வேலை" என்பது எனக்குத் தந்த தலைப்பு. நேரம் பதினைந்து நிமிடம். அழைப்பிதழில் பத்து என்று அச்சாகியிருப்பது பிழை. செயலாளர் தலையசைக்கிறார், நன்றி.

ஆவணப் பதிவு அலுவலகத்திலிருந்து நான் ஓய்வுபெற்றது 2019-ஆம் ஆண்டு மே 31, வெள்ளிக்கிழமை. அன்றோடு ஓய்வூதியம் உட்கார்ந்துகொண்டது. வாடகையோ ஓடத் தொடங்கியது! என்னைக் கண்டதும் எழுந்து நின்று வரவேற்றவர் மருந்துக்கடைக்காரர் ஒருவரே. சிரிக்கிறீர்கள். உங்கள் கதையும் அதுதானே?

வேலை தேடினேன். முன்பணம் கட்டச் சொன்னார்கள் சிலர். அன்பர்களே, நினைவில் வையுங்கள்: சேரும்முன் பணம் கட்டு என்பவன் வேலை கொடுப்பவன் அல்லன்; வேலையைக் காட்டுபவன்! கடைசியில் நேர்மையான நிறுவனம் ஒன்று கிடைத்தது. மிக்ஸி தயாரிப்பவர்கள். வாடிக்கையாளர் அழைத்தால், வீட்டிலிருந்தபடியே கணினி வழியே வழிகாட்ட வேண்டும். நாளுக்கு நான்கு மணி நேரம். 2023 ஜனவரி 2, திங்கட்கிழமை, எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் என் அலுவலகம் திறந்தது. மறுமுனையில் என் மனைவி காய் நறுக்குவாள்.

என் முதல் கேள்வி என்றும் ஒன்றே: "வாங்கிய தேதி?" தேதியில்லாத தாள் எனக்குத் தாளே அன்று! அழைத்தவர்கள் திணறினார்கள்; சிலர் சீறினார்கள். "தேதி சொன்னா மிக்ஸி ஓடிடுமாய்யா?" என்றார் ஒருவர். அவர்கள் எனக்கிட்ட மதிப்பெண் பாதாளம் பார்த்தது. மேற்பார்வையாளர், என் மகள் வயதுப் பெண், "சார், மார்ச் மாசம் மட்டும் பார்ப்போம். அப்புறம் என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரோ ஏப்ரல் முதல் வாடகை கூடும் என்று சொல்லியிருந்தார். இந்த வேலையும் போனால், அந்த வீடும் போகும்.

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. தளர்ந்த குரல் ஒன்று அழைத்தது.

"சார், மிக்ஸி திடீர்னு நின்னுபோச்சு."

"வாங்கிய தேதி சொல்லுங்கள் அம்மா."

"அவர்தான் சார் வாங்கிட்டு வந்தார். எந்த மாசம்னு... அவர் இருந்திருந்தா சொல்லுவார்."

அவையோரே, நான் என்ன சொல்வேன்? எந்தக் கட்டத்தில் எதை எழுதுவேன்? மேசையின் மறுமுனையில் காய் நறுக்கிய கத்தி நின்றது. என் மனைவி கணினியின் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, தேதி கிடக்கட்டும். சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. ஒருத்திக்காக என்னத்த சமைக்கறதுன்னு..."

"ஒருத்தின்னா பட்டினியா? நல்லா இருக்கே நியாயம்! பிளக்கை எடுத்துட்டு மிக்ஸியச் சாய்ச்சுப் பாருங்க. அடியில சிவப்பா ஒரு பொத்தான் இருக்கும்."

"ஆமா, இருக்கு."

"நல்லா அமுக்குங்க. பாரம் தாங்கலன்னா அது கோவிச்சுக்கும், வேற ஒண்ணுமில்ல. இப்போ ஓட்டுங்க."

மிக்ஸி முழங்கியது! அந்த அம்மா சிரித்தார், சிரிப்போடு அழுதார். "அவர் வாங்கினதுல இது ஒண்ணுதான் இன்னும் ஓடுதும்மா. இதுவும் போச்சோன்னு பயந்துட்டேன்."

அந்தப் பொத்தான் எனக்கும் தெரியும் ஐயா! கையேட்டின் ஏழாம் பக்கம். ஆனால் நான் தேதியைக் கேட்டேன். அவள் பழுதுக்குப் பின்னால் நின்ற மனிதரைக் கேட்டாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் அழைத்தார். "நேத்து அழைப்புப் பதிவுல பேசினது யாரு சார்?"

"என் இல்லத்தரசி."

"வேற ஆள் பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. மன்னிச்சுக்கோங்க சார், உங்களை நிறுத்த வேண்டியதாயிடுச்சு."

மேசை முனையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவர் கேட்டார்: "அவங்க வேலைக்கு வருவாங்களா?"

நேர்காணல் அங்கேயே நடந்தது.

"முன் அனுபவம் இருக்காம்மா?"

"முப்பத்தேழு வருஷம்."

"முப்பத்தேழு வருடம், ஆறு மாதம்" என்று நான் திருத்தினேன்.

"எந்த இடத்துலம்மா?"

"இவர் வீட்டுலதான்."

"அந்த வேலையை ஏன் விட்டீங்க?"

"எங்கேம்மா விட்டாங்க!"

அந்தப் பெண் சிரித்து ஓயவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நியமன ஆணை உண்டா அவளுக்கு? பதவி உயர்வு உண்டா? ஞாயிற்றுக்கிழமையாவது உண்டா? மார்ச் 20, திங்கட்கிழமை, என் நாற்காலியில் அவள் அமர்ந்தாள். ஏப்ரல் வாடகையை அவளே கொடுத்தாள். வீட்டுக்காரர் வழக்கம்போல் என்னிடம் நீட்டிய ரசீதை, "இங்க குடுங்க" என்று அவளே வாங்கினாள்.

சம்பளம் எவ்வளவு என்கிறார் இரண்டாம் வரிசை அன்பர். நானும் கேட்டேன் ஐயா! "உங்க சம்பளத்தை எனக்கு எப்போ சொன்னீங்க?" என்றாள்.

ஆகவே அன்பர்களே, வேலை தேடுங்கள், விண்ணப்பம் போடுங்கள். ஆனால் போடும்முன், மேசையின் மறுமுனையைப் பாருங்கள்! கேட்கத் தெரிந்த காதொன்று அங்கே இருக்கலாம். ஆற்றத் தெரிந்த அன்பொன்று அங்கே இருக்கலாம். யாரும் கேளாததால் எவருக்கும் சொல்லாத விருப்பமொன்று அங்கே இருக்கலாம்! "உனக்கு விருப்பமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

"அப்போ சமையல் யாரு?" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்கும் தாய்க்குத் தலைவணங்கிச் சொல்கிறேன்: அடியேன்தான். அவள் பணி முடிவது மதியம் ஒரு மணிக்கு. நான் இப்போதே புறப்பட்டாக வேண்டும். நேற்று உப்புக் கூடிவிட்டது. முகம் சுளிக்காமல் உண்டு எழுந்தவள், "பழகப் பழக வந்துடும்ங்க" என்றாள். ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்த வேலைகளில், நிரந்தரமாக வேண்டும் என்று நான் விரும்புவது இது ஒன்றே.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், புன்னகையோடு கேட்ட தாய்மார்க்கும், மணி அடிக்காமல் விட்ட செயலாளர்க்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!