தனக்கோடி அம்மையாருக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு ஓடுகளை முன்வைத்து

பொம்மைகளுக்குக் கண் எழுதிப் பிழைப்பைத் தொடங்கி, பொதுமக்கள் கையில் தூரிகை கொடுத்துப் புகழ் வளர்த்த பெருந்தகையே! பீங்கான் நகரின் பேசாச் சுவர்களையெல்லாம் பேச வைத்த பேரன்பே! சுடுசொல் அறியாச் செம்மையே! விருத்தாசலம் மக்கள் கலைக்கூடத்தின் பொறுப்பாளராய் இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்து இன்று ஓய்வு பெறும் தனக்கோடி அம்மையாரே! உங்கள் பணியாளர்கள் ஐவரும் எழுந்து நின்று, கைகூப்பி, இம்மடலை வாசிக்கிறோம்.

ஓய்வு பெறுபவரின் பெருமைகளை அடுக்குவதே இத்தகைய மடல்களின் வழக்கம். அடுக்குவதற்கு எங்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் 2020-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அவையில் அதை அறியாதவர் பலர் இருப்பதால், அம்மையாரை நோக்கிப் பேசுவதைச் சற்றே நிறுத்தி, அவரைப் பற்றி அவையோராகிய உங்களிடம் சொல்கிறோம். அவர் மனத்தில் அன்று ஓடியவை என்று இங்கே வருபவை எல்லாம் பின்னாளில் அவரே எங்களிடம் சொன்னவை.

அந்த ஆண்டு மணிமுத்தாற்றுப் பாலத்தை ஒட்டிய நீண்ட சுவரில் ஊர் மக்களே வண்ணம் தீட்டிய பீங்கான் ஓடுகளைப் பதிப்பது என்று கலைக்கூடம் முடிவு செய்திருந்தது. சனிக்கிழமை பிற்பகல்களில் சூளைத் தொழிலாளர், பூக்கட்டுபவர், முடிதிருத்துபவர், பள்ளி ஆயா என்று ஐம்பது பேருக்கு மேல் வந்து தரையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. சூளைகள் குளிர்ந்தன. கூடத்துக்குப் பூட்டுப் போட்டோம்.

தனக்கோடி அம்மையாரால் பத்து நாள்தான் வீட்டில் இருக்க முடிந்தது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரித்தார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பொழுது போகவில்லை, பயமாக இருக்கிறது. "மக்கள் இங்க வர முடியலன்னா, ஓடு அங்க போவட்டும்" என்றார் அம்மையார். வீட்டுக்கு நான்கு ஓடு, மூன்று டப்பா வண்ணம், ஒரு தூரிகை. தெருத்தெருவாகக் காய்கறி விற்கச் சேரனின் வண்டிக்கு அனுமதி இருந்தது. அவரிடம் பைகளைக் கொடுத்தார்.

"தக்காளியோட ஓடும் போவுதாம்மா? எடை போடணுமா?" என்று சேரன் சிரித்தார்.

"ஒடையாம கொண்டு போனா போதும், சேரா."

மாலையில் ஒவ்வொரு வீடாகப் போனில் வகுப்பு நடந்தது. "நீலத்துல தண்ணி அதிகமா வுடாதீங்க, வழிஞ்சிடும்." "கோடு கோணலானா கோணலாவே இருக்கட்டுங்க." பால் வாங்க வருபவர் இடைவெளி விட்டு நிற்கத் தரையில் போட்ட வட்டங்களை ஒருவர் எழுதினார். முடிதிருத்துபவர் துணி போர்த்திய தம் நாற்காலியை எழுதினார். மூடிய டீக்கடை, முகக்கவசம் கட்டிய மாப்பிள்ளை, லத்தியோடு நிழலில் உறங்கும் காவலர் எனச் சேரனின் வண்டி திரும்பும்போதெல்லாம் ஊரின் அந்த நாட்கள் ஓடு ஓடாய் வந்து சேர்ந்தன. அவற்றை வாங்கி வைக்க மட்டும் கூடத்தைத் திறந்தோம். பெட்டிகளைப் பிரிக்கும்போது அம்மையார் கைதட்டுவார். அதுவரை நாங்களும் அவரோடு சேர்ந்து கைதட்டினோம்.

மே மாதத் தொடக்கத்தில் நிலைமை மாறியது. கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் வேலை பார்த்த நம் ஊர்க்காரர் பலர் திரும்பி வந்தார்கள். அவர்களில் காசியம்மாளின் மகனும் ஒருவர். காசியம்மாள் சூளைகளுக்கு மண் பிசையும் தொழிலாளி. சனிக்கிழமை தவறாமல் கலைக்கூடம் வருபவர். மகனுக்கு நோய் இருப்பது உறுதியாகி முகாமுக்கு அழைத்துப் போனார்கள். தெருவின் இரு முனையிலும் தகரம் அடித்தார்கள். காசியம்மாளுக்கு நோய் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். சேரனின் வண்டியும் அந்தத் தெருவுக்குப் போவதை நிறுத்தியது.

ஒரு காலை அம்மையாரின் போன் ஒலித்தது.

"அம்மா, நான் காசியம்மா பேசுறேன். எல்லாருக்கும் ஓடு வந்துச்சாமே. எனக்கு மட்டும் வரலியேம்மா."

அம்மையார் போனை வைத்துவிட்டு நான்கு ஓடுகளைப் பையில் எடுத்து வைத்தார். அவருக்கும் பயம் இருந்தது. சர்க்கரை நோயாளி வேறு. அரைமணி நேரம் பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதாகச் சொன்னார். பிறகு தம் வண்டியை எடுத்துக்கொண்டு போய், தகரத்தின் மேல் வழியாக ஒரு கழியில் பையை மாட்டி இறக்கினார். ஆறு நாள் கழித்துக் காசியம்மாள் அந்த ஓடுகளைத் தகரத்தின் அடி இடுக்கு வழியே தள்ளினார். அம்மையார் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார்.

மூன்று ஓட்டில் பூ. நான்காவது ஓடு முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு கோடு. இரண்டு தகரங்களுக்கு நடுவே இருந்த சந்தில் காசியம்மாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு விரல் அகலத்துக்குள் வெயில் காயும் தெரு, நாயின் பாதி முதுகு, தண்ணீர்க் குழாய், குழாயடியில் ஒரு பச்சைக் குடம். அம்மையார் வெயிலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு ஆண்டு பொம்மைக்குக் கண் எழுதிய தமக்கு இப்படிப் பார்க்கத் தெரிந்ததில்லை என்று தோன்றியதாம்.

அந்த ஓட்டை நாங்கள் பார்க்கவில்லை. ஓடுகளைக் கட்டி அவர் கொண்டுவந்த சாக்கைப் பிரிக்க நாங்கள் விடவே இல்லை.

சாக்கோடு அவர் கலைக்கூட வாசலுக்கு வந்தபோது, எழுத்தர் பாரி கதவின் குறுக்கே நின்றார். நாங்கள் நால்வரும் அவருக்குப் பின்னால் நின்றோம்.

"அம்மா, எங்க வூட்டுலயும் கொழந்தைங்க இருக்குது. அந்தத் தெரு சாக்கு உள்ள வந்துச்சுன்னா நாங்க வெளிய போயிடுவோம்" என்றார் பாரி.

"பாரி, இது சூளைக்குப் போவப் போற ஓடு. ஆயிரத்து நூறு டிகிரி சூட்டுல எந்தக் கிருமிப்பா உசுரோட இருக்கும்?"

"சூளைக்குப் போற வரைக்கும் யாரு தொடுவா?"

"நான் தொடுறேன். நீங்க யாரும் கிட்ட வர வேணாம்."

நாங்கள் கேட்கவில்லை. அன்று பிற்பகலே நிர்வாகக் குழுவுக்குப் புகார் எழுதினோம். பொறுப்பாளர் விதிகளை மீறி, நோய் பரவும் தெருவுக்குப் போய், பணியாளர்களின் உயிரோடு விளையாடுகிறார் என்று பாரி எழுதினார். ஐவரும் கையெழுத்திட்டோம். அம்மையார் அந்தத் தெருவுக்குள் போகவே இல்லை, தகரத்துக்கு வெளியேதான் நின்றார் என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் புகாரில் எழுதவில்லை.

குழு திட்டத்தை நிறுத்தியது. அம்மையாரை மூன்று மாதம் கட்டாய விடுப்பில் அனுப்பியது. போகும்போது அவர் ஒன்றுதான் கேட்டார்.

"வந்து சேர்ந்த ஓட்டையெல்லாம் உள்ள எடுத்து வெச்சிடுங்கப்பா. மறுபடி சுடுற வரைக்கும் அந்தக் கலரு வெறும் பொடிதான். தண்ணி பட்டா நிக்காது."

எல்லா வீட்டு ஓடுகளும் அதற்குள் எங்களுக்கு நஞ்சாகத் தெரிந்தன. சேரன் கொண்டுவந்த பெட்டிகளையும் அந்தச் சாக்கையும் சேர்த்துப் பின்பக்கத் தாழ்வாரத்தில் தள்ளி வைத்தோம். மேலே ஒரு தார்ப்பாய் போடலாம் என்று ஒருவர் சொன்னார். யாரும் போடவில்லை. ஜூன் முதல் வாரத்தில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது தாழ்வாரத் தரையில் நீலமும் பச்சையும் கலந்து ஓடிக் காய்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு ஓடுகள். எது யாருடையது என்று ஒன்றிலும் தெரியவில்லை.

விடுப்பு முடிந்து வந்த அன்று அம்மையார் நேரே தாழ்வாரத்துக்குப் போனார். வெளுத்த ஓடுகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாரி அருகில் போய், "அம்மா, தப்பு பண்ணிட்டோம்" என்றார்.

"பயந்துட்டீங்க. நானுந்தான் பயந்தேன்" என்றார் அம்மையார். கையிலிருந்த ஓட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "இத்தினி பேருக்கும் நான் என்னான்னுப்பா பதில் சொல்லுவேன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இந்த ஐந்தாண்டில் அதைப் பற்றி எங்களிடம் குற்றமாய் ஒரு சொல் சொன்னதில்லை.

ஒவ்வொரு வீட்டுப் படியும் அவரே ஏறினார். எங்கள் பெயரைச் சொல்லவில்லை, கலைக்கூடத்தின் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னார். பலர் மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டாம் முறை வந்தவை பூவும் மயிலும் கோபுரமும்தான். பால் வட்டங்களையும் துணி போர்த்திய நாற்காலியையும் யாரும் எழுதவில்லை. காசியம்மாள் எழுதவே மறுத்துவிட்டார்.

"ஒரு தடவ எழுதினதுதாம்மா. அது போயிடுச்சு. வுடுங்க."

2022-இல் பாலத்துச் சுவர் நிறைந்தது. காசியம்மாளுக்காக ஓர் இடத்தை வெறுமையாக விடலாமா என்று நாங்கள் கேட்டோம். "வேணாம். சுவத்துல தண்ணி எறங்கும்" என்றார் அம்மையார். அந்தச் சுவரைப் பலரும் நின்று பார்க்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஊரடங்கில் இந்த ஊர் எப்படி இருந்தது என்பது மட்டும் அதில் இல்லை.

சென்ற ஞாயிறு நாங்கள் ஐவரும் பெண்ணாடம் போனோம். காசியம்மாள் இப்போது அங்கே மகனோடு இருக்கிறார். எங்களை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னோம், மன்னிப்புக் கேட்டோம். அவர் காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஊரே பயந்துச்சு, நீங்க மட்டுமா? ஆனா ஒண்ணு. தகரம் அடிச்சிருந்த அத்தினி நாளும் நான் அழுவல. ஓடு போயிடுச்சுன்னு தனக்கோடியம்மா வந்து சொன்னாங்க பாருங்க, அன்னிக்குத்தான் அழுதேன்" என்றார். இந்த விழாவுக்கு வர வேண்டும் என்று அழைத்தோம். "அவங்களுக்காக வரேன். உங்களுக்காக இல்ல" என்றார். வந்திருக்கிறார்.

அம்மா! இனி மீண்டும் உங்களிடமே பேசுகிறோம். எங்கள் புகார் இன்றும் உங்கள் பணிக்கோப்பில் இருக்கிறது. அதை நீக்கிவிடுமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டோம். கோப்பில் சேர்ந்ததை எடுக்க விதி இல்லை, வேண்டுமானால் அதன்மேல் எங்கள் விளக்கத்தை எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிவிட்டோம். நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அந்த விளக்கம்தான். சட்டமிட்ட பிரதி உங்கள் வீட்டுக்கு வரும். மற்றொரு பிரதி அந்தப் புகாரின் பின்னால் வைக்கப்படும். எங்கள் பொய்யைப் படிப்பவர் எவரும் பக்கத்தைப் புரட்டி உண்மையையும் படிக்கட்டும்.

மண்ணையும் மனிதரையும் ஒரே பொறுமையோடு கையாண்ட மாண்பினரே! நோய் அணுகாத உடலும், கவலை அணுகாத உள்ளமும், கண்ணுக்கு இனிய காட்சிகளும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். நூறாண்டு கடந்தும் நலமோடு வாழ்க! காசியம்மாளின் ஓட்டைப் பற்றி நீங்கள் முன்பு சொன்னதை மறுபடி கேட்க நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருவோம். எழுதியவரைத் தவிர அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். எங்களுக்குச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தலைகுனிந்த நன்றியுடன்,
விருத்தாசலம் மக்கள் கலைக்கூடப் பணியாளர்கள் ஐவர்