வரம்புக்குக் கீழே

போலீஸ் சான்றிதழ் ஒன்று வேண்டும் என்றுதான் வந்தேன் ஐயா. வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று இங்கிருந்து ஒரு கையெழுத்து வேண்டுமாம். நீங்கள் பெயரும் முகவரியும் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றீர்கள். எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் என்னிடம் அப்படி ஒருவர் கேட்டு வெகுநாளாகிறது. அதனால் சொல்கிறேன்.

நானும் என் மச்சானும் தண்ணீர்த் தொட்டி வேலை செய்தவர்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பெரிய கட்டிடங்களில் தரைக்கு அடியில் தொட்டி இருக்கும். மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மூடி. அதன் வழியாக இறங்கிச் சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்து, கசிவு இருந்தால் பெயின்ட் பூச வேண்டும். மச்சான் ஒல்லி, அவர் இறங்குவார். எனக்குத் தோள் அகலம், நான் மேலே இருந்து அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். கயிறு ஒரு தடவை இழுபட்டால் வாளியை இறக்க வேண்டும். விடாமல் இழுபட்டால் ஆளைத் தூக்க வேண்டும். பேச்சு தேவையே இல்லை. ஆனாலும் மச்சான் உள்ளேயிருந்து பேசிக்கொண்டேதான் இருப்பார். தொட்டிக்குள் அவர் குரல் பெரிய மனிதர் பேசுவதுபோல் முழங்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

கூலியைக் கையில் கொடுப்பார்கள். ஆளுக்குப் பாதி. ரசீதும் இல்லை, வரியும் இல்லை. அப்படியே வருஷங்கள் ஓடின. என் மனைவி படுக்கையில் விழுந்ததும் அந்தப் பணத்தில்தான் வைத்தியம் பார்த்தோம். தன் பங்கையும் மச்சான் அதில்தான் போட்டார். அவள் போன பிறகு, "நாலு நாள் உன்கூட இருக்கேன் மாப்ள" என்று ஒரு பையோடு என் அறைக்கு வந்தார். அப்புறம் போகவே இல்லை. நானும் போகச் சொல்லவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, நான் வந்து உட்காரும்வரை கை வைக்க மாட்டார்.

பிறகு எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்கிற வேலை. சட்டை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். நல்ல மாதிரி. வரி எண் இல்லை என்றதும், "வாங்கிக்கலாம், பெரிய விஷயமில்ல" என்றார். அப்புறம்தான் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க? வருமானம் எவ்வளவு?"

வாங்கிய கூலியெல்லாம் கண்முன் வந்து நின்றது. "வேலை இல்லைங்க" என்றேன்.

"இத்தனை வருஷமாவா? சாப்பாட்டுக்கு?"

"என் சம்சாரம் சம்பாதிச்சுப் போட்டா."

"மகராசி" என்று சொல்லிச் சிரித்தபடியே எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வருவார்கள், வேலை இல்லாதவனுக்கு ஃபிரிட்ஜ் எப்படி வந்தது என்று கேட்பார்கள் என்று தோன்றியது. ஃபிரிட்ஜை விற்றேன். பிறகு கட்டிலை விற்றேன். மனைவியின் தையல் மெஷினை வாசலில் வைத்துவிட்டேன், யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சான் தரையில் பாயை விரித்துக்கொண்டார். கடைசியில்தான் கேட்டார், "என்ன மாப்ள, யாருக்காவது பணம் கொடுக்கணுமா?"

விஷயத்தைச் சொன்னேன், மனைவியைப் பற்றிச் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டு. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ பெரிய கோடீஸ்வரன் பாரு, ஃபிரிட்ஜுல இருந்த பாலுக்கு வரி கேட்டு ஜீப்ல வரப்போறாங்க" என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "சரி விடு. நானே வரி ஆபீசுக்குப் போறேன். உனக்கும் எனக்கும் சேத்து எல்லாத்தையும் சொல்லி, கட்ட வேண்டியதைக் கட்டிடலாம். அப்பவாவது நிம்மதியாத் தூங்குவியா?"

அவர் போய் உண்மையைச் சொன்னால் நான் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு" என்றுவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். அடுத்தவர் பாரத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்டவர்களோடு வாழ்வது சுலபமில்லை ஐயா.

அந்த வாரம் என் லீவு நாளில் அவருக்கு ஒரு தொட்டி வந்தது. பெயின்ட் பூசுகிற வேலை. "வேற ஆள் கயிறு பிடிச்சா எனக்குத் தைரியம் வராது, ஒரு தடவை வந்துடு மாப்ள" என்றார். வேலையில் சேர்ந்த பிறகும் ரொக்கமாகக் கை நீட்டுவதா என்று எனக்குச் சங்கடம். இருந்தாலும் போனேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அந்தப் பெயின்டின் நெடி ஆளைச் சாய்த்துவிடும். அதனால் மேலிருந்து ஒரு மெஷின் குழாய் வழியாகக் காற்றை உள்ளே அடித்துக்கொண்டே இருக்கும். அதன் சுவிட்ச் என் கால் பக்கத்தில் இருந்தது. அவர் மூன்று சுவர் பூசி, நாலாவதைத் தொடங்கியதும் அணைத்தேன்.

"என்ன மாப்ள, காத்து நின்னுடுச்சு?"

"பிளக் கழண்டிருக்கு போல மச்சான். பாக்கறேன்."

"மெதுவாப் பாரு. அவசரமில்ல. இந்த மூலையை முடிச்சுடறேன்."

பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. கயிறு ஒரு தடவை இழுபட்டது. அப்புறம் விடாமல் இழுபட்டது. நான் கயிற்றை விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். விட்டிருந்தால் மேலே யாரும் இல்லை என்று பயந்திருப்பார். இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன், தூக்கவில்லை. இழுப்பு குறைந்து, கயிறு கனத்தது. பிறகு சுவிட்சைப் போட்டேன், வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகத் தூக்கினோம்.

பிளக் கழன்றதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். உங்கள் ஆட்கள்தான் வந்து எழுதிக்கொண்டார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்க மேல தப்பில்ல" என்றார். ஆஸ்பத்திரியில் லீவு கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில் என்ன செய்வது? சாயங்காலம் அறையைத் திறந்தால் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. சமைப்பதில்லை. ரொட்டி வாங்கி நின்றபடியே தின்கிறேன். பம்ப் ஓடும்போது கொஞ்சம் பேசிப் பார்ப்பதுண்டு. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

பயத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்வீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அன்று காலை தொட்டி மூடியைத் திறக்கும்போது மச்சான் ஒரு செய்தி சொன்னார். வரி ஆபீசுக்கு முந்தின நாளே போய்வந்துவிட்டாராம். "ஒண்ணுமே இல்ல மாப்ள. நம்ம கூலியெல்லாம் அவங்க வரம்புக்குக் கீழ்தானாம். கட்ட வேண்டியதே இல்லியாம். போய் ஃபிரிட்ஜைத் திரும்ப வாங்கு" என்றார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஏணியில் கால் வைத்தார். நின்று திரும்பி, "தங்கச்சி இருந்திருந்தா உன்னைப் பாத்து எப்படிச் சிரிச்சிருப்பா" என்றார். அப்புறம்தான் இறங்கினார்.

அவர் சொன்னதை நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன். ஆனால் வரம்பை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள் ஐயா. இந்த வருஷம் கீழே இருப்பது அடுத்த வருஷம் மேலே வந்துவிடலாம். மச்சானைப் போல வெள்ளந்தியான மனிதருக்கு அதெல்லாம் ஓடாது. இரண்டு பேர் சேர்ந்திருந்தால் ஒருவராவது முன்யோசனையோடு இருக்க வேண்டாமா? இப்போது என் சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் யாருக்கும் எந்தப் பாக்கியும் வைக்கவில்லை.