அண்ணன் பக்கத்துல இருக்காரு

செல்லமுத்து: அக்கா, மெட்ராஸ் ஏர்போட்டுக்கு வந்துட்டேனுங்க. கண்ணாடிக் கதவுகிட்ட துப்பாக்கிக்காரரு நிக்கறாருங்க. என்னையே பாக்கறாரு.

அருள்மொழி: பாக்கட்டும் சாமி, அது அவரு வேலை. டிக்கெட்டு, பாஸ்போட்டு ரெண்டும் கையில இருக்கா?

செல்லமுத்து: இருக்குதுங்க. ஆனா ஏஜென்டு ஆளு உள்ளார வரலீங்க்கா. டீக்கடையில வெச்சு கவரைக் குடுத்தாரு, "நீயே போயிரு"ன்னாரு, ஆட்டோவுல ஏறிட்டாரு. கூடவே வந்து ஏத்தி உடறேன்னு ஊட்டுல வந்து சொன்ன மனுசன்…

அருள்மொழி: போனாப் போறான். எத்தன மணிக்கு ப்ளேனு?

செல்லமுத்து: அஞ்சே காலுக்குங்க. இப்ப ரெண்டரை. அக்கா… விசா நாளையோட முடியுது. இன்னைக்கு மஸ்கட்டுல போயி எறங்கலீன்னா அவ்வளவுதானுங்க. மறுக்கா நம்ம மலையில, குண்டனி நாட்டுல மரவள்ளிக் கெழங்கு நடறதுதான்.

அருள்மொழி: கெழங்கு எங்கயும் ஓடிறாது. நீ பயப்படாம நில்லு.

செல்லமுத்து: அர்த்தனாரி அண்ணன் ரெண்டு மணிக்கே செம்மேட்டுக்கு வந்து உங்க போன் பூத்துல நிக்கறேன்னாருங்களே. மூணு வாட்டி துபாய் போயிட்டு வந்தவரு… வந்துட்டாருங்களா?

அருள்மொழி: …வந்துட்டாரு, வந்துட்டாரு. பக்கத்துலதான் இருக்காரு.

செல்லமுத்து: அண்ணன்கிட்ட குடுங்க்கா.

அருள்மொழி: வாய் நெறைய வெத்தல. பேசினா போன் மேலயெல்லாம் தெறிக்கும். நீ எங்கிட்டயே பேசு. அவரு சொல்லச் சொல்ல நான் சொல்றேன்.

செல்லமுத்து: அண்ணன் வெத்தல போடுவாருங்களா?

அருள்மொழி: இன்னைக்குப் போட்டிருக்காரு, சந்தை நாளாச்சே. …உன்ற இடுப்புல என்ன இருக்குன்னு கேக்கறாரு.

செல்லமுத்து: பெல்ட்டுங்க.

அருள்மொழி: அதுக்குள்ளார? அருணாக்கயித்துல?

செல்லமுத்து: …பேனாக்கத்திங்க. எப்பவும் இருக்கறதுதானுங்க. அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

அருள்மொழி: நம்ம மலையில கத்தியில்லாம எவன் எறங்கறான்? அதை எடுத்துப் பெரிய பொட்டிக்குள்ள போட்டுரு. ஒடம்போட கொண்டு போனா புடுங்கிக்குவாங்க. நம்மூரு சின்னக்கண்ணு அப்படித்தான் பறிகுடுத்துட்டு மூணு மாசம் பொலம்பினான்… அப்படின்னு அண்ணன் சொல்றாரு.

செல்லமுத்து: போட்டுட்டேனுங்க.

அருள்மொழி: இப்பப் போ. துப்பாக்கிக்காரருகிட்ட டிக்கெட்டை மேல வெச்சு நீட்டு. உள்ளார போனதும் ஒரு மெசினு பொட்டிய முழுங்கிட்டு அந்தப் பக்கம் துப்பும். நீயும் அந்தப் பக்கம் போயி நில்லு. பட்டை கட்டிக் குடுப்பாங்க, வாங்கிக்க.

செல்லமுத்து: சரீங்க… போறேனுங்க… அக்கா, உட்டுட்டாருங்க! சிரிச்சாருங்க!

அருள்மொழி: பின்னே, கடிச்சா வெப்பாரு? நட.

செல்லமுத்து: பொட்டிக்கும் பட்டை கட்டியாச்சுங்க. யப்பா… எத்தன சனம். நம்ம ஆடிப்பெருக்குக் கூட்டமாட்டம் இருக்குதுங்க. எந்தப் பக்கம் போறது?

அருள்மொழி: நேரா எதுர்ல மேசை வரிசையா இருக்கும். மேல பலகையில ஊர்ப்பேரு ஓடும். இங்கிலீசுல எம்-முன்னு ஆரம்பிக்கறதைத் தேடு. அந்த வரிசையில நில்லு. பொட்டிய அவங்களே எடுத்துக்குவாங்க, மஸ்கட்டுல வெளிய வர்றப்பத்தான் பாப்பே. போர்டிங் பாஸுன்னு ஒரு சீட்டுக் குடுப்பாங்க. சின்ன ஸ்டிக்கரு ஒன்னு டிக்கெட்டுல ஒட்டித் தருவாங்க, அதைக் கிழிச்சுறாத. அப்பறம் கைப்பைக்கு ஒரு அட்டை கேளு. அவங்களாக் குடுக்கலீன்னாலும் கேட்டு வாங்கணும்.

செல்லமுத்து: அண்ணன் இத்தனையும் வெத்தல வாயோடயே சொல்றாருங்களா?

அருள்மொழி: …சாடை காட்டறாருடா. நீ போயி வரிசையில நில்லு. முடிச்சுட்டுக் கூப்புடு.

பாப்பாயி: ஏங்கண்ணு அருளு, யாரு வெத்தல போட்டிருக்கறது? இங்க நானும் நீயும் உன்ற ஊணுகோலும்தானே இருக்கறோம்?

அருள்மொழி: பெரீம்மா, மெதுவா! இப்பத்தான் போனை வெச்சேன்.

பாப்பாயி: அர்த்தனாரி நேத்தைக்கே புளியஞ்சோலைக்கு எறங்கிட்டானே. மாமனாருக்கு உசுரு இழுத்துக்கிட்டு இருக்குதுன்னு. நானே பஸ்ஸுல பாத்தேன்.

அருள்மொழி: தெரியும் பெரீம்மா.

பாப்பாயி: தெரிஞ்சேவா? செல்லமுத்து பச்சப்புள்ள. நீ நாமக்கல்லைத் தாண்டி ஒரு அடி வெச்சதில்ல. ஏதோ ஒன்னு சொல்லி அவனைக் கெணத்துல தள்ளிறாத.

அருள்மொழி: ஏழு வருசமா இந்தக் கண்ணாடிக் கூண்டுல நின்னு, ஏர்போட்டுல இருக்கறவங்ககிட்ட எத்தன பேரு பேசியிருக்காங்க? நம்ம மலைக்காரங்க போன்ல மெதுவாவா பேசறாங்க? காதைப் பொத்தினாலும் கேக்குது. திரும்பி வந்தவங்களையும் உடமாட்டேன். எந்தக் கைப் பக்கம் திரும்பினே, தண்ணிக் குழா எங்க இருந்துச்சு, யாரு என்ன கேட்டாங்க… ஒன்னொன்னாக் கேப்பேன். இந்தாங்க, பாருங்க.

பாப்பாயி: இது பழைய காலண்டர் தாளு…

அருள்மொழி: பின்னால திருப்புங்க.

பாப்பாயி: அட! இதென்ன மொளகுக் கொடியாட்டம் சுத்திச் சுத்திப் போகுது?

அருள்மொழி: அதான் பாஸ்போட்டு பாக்கற வரிசை. இங்க தண்ணிக் குழா. இங்க எழுதிக் குடுக்கற பாரம் வெச்ச மேசை. இது கடைசிக் கதவு.

பாப்பாயி: இத்தனையும் மண்டையில வெச்சுக்கிட்டு… அடி என்ற ராசாத்தி! அப்பறம் எனக்குத் தெரியும்டான்னு நேராச் சொல்றதுதானே?

அருள்மொழி: ப்ளேனை அண்ணாந்து பாத்ததோட சரி, நான். அதை அவன்கிட்டச் சொன்னா கால் நகருமா? அண்ணன் சொல்றாருன்னாத்தான் நகரும். …ச்சு, அடிக்குது. அலோ?

செல்லமுத்து: அக்கா, எல்லாம் வாங்கிட்டேனுங்க. கைப்பைக்கு அட்டையும் கேட்டு வாங்கிட்டேன். அந்தம்மாவே, "மொதத் தடவையா? பரவால்லயே"ன்னாங்க!

அருள்மொழி: கெட்டிக்காரன்! இப்ப எடது கைப் பக்கம் தண்ணிக் குழா தெரியுதா?

செல்லமுத்து: தெரியுதுங்க.

அருள்மொழி: அதுக்குப் பக்கத்து மேசையில பாரம் இருக்கும். ஒன்னு எடுத்து எழுது. அவசரமில்ல. கட்டத்துக்கு ஒரு எழுத்து. பேரு, அப்பா பேரு, பாஸ்போட்டு நம்பரு… பேனா யாராச்சும் கேப்பாங்க, குடு. ஆனா திருப்பி வாங்கிக்க.

செல்லமுத்து: எழுதறேனுங்க… எதுக்குப் போறேன்னு கேட்டிருக்குதே, அங்க?

அருள்மொழி: வேலைக்குன்னு இருக்கற கட்டத்துல டிக்கு போடு.

செல்லமுத்து: அக்கா… எனக்குப் பின்னால அஞ்சாறு பேரு நிக்கறாங்க. பெரம்பலூர்ப் பக்கமாமுங்க. நான் எழுதறதைப் பாத்துப் பாத்து எழுதறாங்க. ஒருத்தரு என்ற அப்பன் பேரையும் சேத்து எழுதிட்டாரு!

அருள்மொழி: அய்யோ! வேற பாரம் எடுத்துக் குடு அவருக்கு! …சிரிக்காத, பாவம்.

செல்லமுத்து: எனக்கு ஒரு தம்பி பொறந்துட்டான்னு ஊட்டுல சொல்லிருங்க்கா.

பாப்பாயி: என்னவாம் கண்ணு, இப்படிச் சிரிக்கறே?

அருள்மொழி: அப்பறம் சொல்றேன் பெரீம்மா. …செல்லமுத்து, இனித்தான் முக்கியம். அடுத்தது பாஸ்போட்டு பாக்கற அதிகாரிங்க கூண்டு. அங்க போன் பேசக் கூடாது, அமத்திரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததை அள்ளிக் கொட்டாத. எங்க போறே, என்ன வேலை, எத்தன வருசம். மூணே கேள்விதான்.

செல்லமுத்து: மஸ்கட்டு, தோட்ட வேலை, ரெண்டு வருசம். அண்ணன் இன்னும் துப்பலீங்களா?

அருள்மொழி: போடா, போயி நில்லு!

பாப்பாயி: ஏங்கண்ணு, தாள்ல அந்த ஒரு எடத்தையே வெரலால தொட்டுக்கிட்டு இருக்கறே?

அருள்மொழி: இந்த எடந்தான் பெரீம்மா. போன வருசம் நம்ம பூபதிய அந்தக் கூண்டுல இருந்துதான் திருப்பி அனுப்பினாங்க. அவன் அந்தக் கூண்டுகிட்ட இருந்து வெளிய வந்து போட்ட போனு… என்ற காதுலயே இருக்குது.

பாப்பாயி: நல்லதை நெனை. இந்தா, தண்ணி குடி.

அருள்மொழி: மணி மூணே முக்கால். இந்நேரம் தாண்டியிருக்கணும்… அடிக்குது! அலோ, செல்லமுத்து?

செல்லமுத்து: அக்கா… ஓரமா நிக்கச் சொல்லிட்டாங்க.

அருள்மொழி: ஏனாம்?

செல்லமுத்து: வெளிநாட்டு வேலைக்கு அனுமதின்னு பாஸ்போட்டுல அடிக்கற எமிகிரேசன் சீலு இல்லீன்னு சொல்றாங்க. அது இல்லாமப் போக முடியாதாமுங்க. கூண்டை விட்டுப் பின்னால வந்து பெஞ்சுல உக்காந்திருக்கேன். ஏஜென்டு போன் எடுக்க மாட்டேங்கறான். அவ்வளவுதானுங்களா? போச்சுங்களா?

அருள்மொழி: அழுகாத. பாஸ்போட்டைக் கையில எடு. ஏஜென்டு அதுல ஏதாச்சும் பேப்பரை வெச்சுப் பின்னடிச்சிருக்கானா?

செல்லமுத்து: ஆமாங்க, விசா ஜெராக்ஸு…

அருள்மொழி: அது எந்தப் பக்கத்தோட சேந்திருக்குது? ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு இருக்குதா, பாரு. நெகத்தால பின்னை நிமித்து. கிழிச்சுறாத… மெதுவா… பூபதிக்கும் இதேதான். ஊட்டுக்கு வந்தப்பறம் பிரிச்சுப் பாத்தோம், சீலு உள்ளாரயே இருந்துச்சு. நானே இந்தக் கையால பிரிச்சேன்.

செல்லமுத்து: …அக்கா.

அருள்மொழி: இருக்குதா?

செல்லமுத்து: இருக்குதுங்க்கா! வட்டமா… நீலக் கலர்ல… இருக்குதுங்க்கா!

அருள்மொழி: முருகா! ஓடு. அதே அதிகாரிகிட்டப் போ. கத்தாத, அந்தப் பக்கத்தைத் தெறந்து வெச்சு நீட்டு, போதும்.

செல்லமுத்து: இது… அண்ணன் சொன்னதுங்களா?

அருள்மொழி: …ஆமா. அண்ணந்தான். ஓடுடா!

பாப்பாயி: தேம்பாத கண்ணு. அவன் தாண்டிருவான். உன்னையாட்டம் ஒருத்தி இருந்திருந்தா பூபதியும் போயிருப்பான்.

அருள்மொழி: அன்னைக்கும் நான் இருந்தேன் பெரீம்மா. இதே நாக்காலியில. அப்ப எனக்குத் தெரியல.

பாப்பாயி: இன்னைக்குத் தெரிஞ்சிருக்குதே. அதைப் பாரு. …அடிக்குது, எடு எடு.

செல்லமுத்து: அக்கா! சீலு போட்டுட்டாங்க! தடவிப் பாக்கறதுக்கெல்லாம் கை தூக்கி நின்னு, அதையும் தாண்டிட்டேனுங்க!

அருள்மொழி: கைப்பை அட்டையில சோதிச்சதுக்குச் சீலு வாங்குனியா?

செல்லமுத்து: வாங்கிட்டேனுங்க. பெரம்பலூர்க்காரங்க வாங்காம வந்துட்டாங்க, நாந்தான் திருப்பி அனுப்பி வாங்கிட்டு வரச் சொன்னேன்.

அருள்மொழி: அட, அட! நீ எனக்கே… அண்ணனுக்கே சொல்லித் தருவே போல.

செல்லமுத்து: இப்பக் கண்ணாடி ஓரமா உக்காந்திருக்கேனுங்க. ப்ளேனு நிக்குதுங்க்கா, எட்டி நின்னு பாக்கற தூரந்தான். யம்மா, எத்தாம் பெருசு!

அருள்மொழி: எப்படி இருக்குது? வாலுல என்ன கலரு? சக்கரம் தெரியுதா? அந்த ரூம்புல தரை சில்லுன்னு இருக்கும்பாங்களே, ஆமாவா?

செல்லமுத்து: வெள்ளைதானுங்க, வாலுல செவப்பு. சக்கரம் லாரி சக்கரத்தை விடச் சின்னதுதான். தரை கண்ணாடியாட்டம் இருக்குது, என்ற மூஞ்சியே தெரியுதுங்க.

அருள்மொழி: ம்… மூஞ்சி தெரியுதா… தம்பி, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

செல்லமுத்து: சொல்லுங்க்கா.

அருள்மொழி: அர்த்தனாரி அண்ணன் இங்க வரவே இல்ல. வெத்தலையும் இல்ல, சாடையும் இல்ல. எல்லாம் நானாத்தான் சொன்னேன். நான் ஏர்போட்டை ஒரு நாளும் பாத்ததில்லடா. நாமக்கல்லுக்கே கால் ஊனத்துக்குச் சர்ட்டிபிகேட்டு வாங்கத்தான் போனேன். தப்பிப் போயிருந்தா உன்ற பொழப்பே போயிருக்கும். மன்னிச்சுக்க சாமி.

பாப்பாயி: எதுக்குடி மன்னிப்பு? கும்புடணும் உன்னைய.

செல்லமுத்து: அக்கா, அழுகாதீங்க. அண்ணன் காலைலயே புளியஞ்சோலையில இருந்து எனக்குப் போன் பண்ணிட்டாருங்க. வர முடியலேன்னாரு, நான் மெட்ராஸ்லயே உக்காந்து அழுதுட்டேன். அப்பறம் அவரே சொன்னாரு. "மூணு வாட்டியும் நான் முன்னால போனவன் முதுகைப் பாத்துத்தான்டா நடந்தேன், எனக்கு வழியே தெரியாது. அருள்மொழிக்குத்தான் தெரியும். ஆனா நேராக் கேட்டா, எனக்கென்ன தெரியும்னு போனை வெச்சிரும். அண்ணன் வந்துட்டாரான்னு மட்டும் கேளு, மத்ததை அந்தப் புள்ள பாத்துக்கும்"னாரு. உங்களை நம்பித்தானுங்க்கா அந்தக் கதவுக்குள்ள காலே வெச்சேன்.