டார்ச் வெளிச்சத்தில் ஒரு கண்

— காலுல விழாத தாயி, எந்திரி. ஆடெல்லாம் மெரளுது.

— விழாம என்ன செய்ய, சோலைமுத்து அண்ணாச்சி? எங்க பருத்திக்காட்டுல கிடை போட்டிருந்த ஒங்கள ஆட்டோட வெரட்டி விட்டவ நான். ஆறு மாசமாத் தேடி, நாகலாபுரத்துல இருக்கீயன்னு நேத்துதான் தெரிஞ்சுது.

— அது கெடக்கு, விடு. இடுப்புல இருக்கது ப்ரியதர்ஷினிதான? வளந்துட்டாளே.

— ரெண்டரை வயசு. இடது கண்ணப் பாருங்க.

— அசையலயே.

— செஞ்சு வச்ச கண்ணு அண்ணாச்சி. உள்ள புத்துநோய்க் கட்டியாம். மதுரையில கண்ண எடுத்துட்டாவ. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாவ. இப்ப நோயி இல்ல. ஓடுறா, சண்டை போடுறா, இட்லி கேக்குறா.

— நல்லாருக்கட்டும். அது போதும்.

— அன்னைக்குக் கரண்டு போன சாயங்காலம், தப்புன குட்டியத் தேடி எங்க வாசலுக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு வந்தீய. வெளிச்சம் புள்ள மூஞ்சியில பட்டுச்சு. "உமாராணி, ஒரு கண்ணு ஆந்தைக் கண்ணு மாதிரி மினுங்குது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ"ன்னீய. எம் புள்ளையப் பாத்து ஆந்தைங்கீயேன்னு என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்.

— ஆந்தைய நான் கெட்டதா நெனைக்கல தாயி. கெணத்துப் பொந்துல இருக்கத தினம் பாக்கேன். டார்ச் பட்டா கண்ணு கங்கு மாதிரி மின்னும். ஆனா உள்ள இருக்க கருப்பு வட்டம் சட்டுன்னு சுருங்கிரும். ஒம் புள்ளைக்கு அது சுருங்கல. வெள்ளையா மினுங்கிக்கிட்டே நின்னுச்சு.

— மறுநாளு செல்லுல போட்டோ எடுத்தேன். ஃபிளாஷுல நீங்க சொன்ன மாதிரியே வெள்ளையா விழுந்திருக்கு. அப்படியே பஸ் ஏறிட்டோம்.

— ஏறுனது நீதான. நான் வாயால சொன்னதோட சரி.

— அப்படிச் சொல்லாதீய. தினம் குளிப்பாட்டி மை வச்சது நான். அவிய அப்பா தோள்லயே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாவ. எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. ஒருவாட்டி வெளிச்சம் பட்டதுல அது நோயின்னு ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரிஞ்சுது?

— எம் மக மாரிசெல்விக்கும் அப்படித்தான் மினுங்குச்சு தாயி. நாலு வயசுல போயிட்டா. என்ன அழகுன்னு, தினம் நாந்தான் டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.