காத்மாண்டுவில் ஓர் இடம்

பிப்ரவரியில் டெல்லிப் பேருந்துகளில் ஜன்னலோர இருக்கை எளிதாகக் கிடைக்கும். கண்ணாடி சரியாக மூடாது என்பதால் குளிருக்குப் பயந்து யாரும் அங்கே உட்காருவதில்லை. நான் உட்காருவேன். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கோல் மார்க்கெட்டில் நடக்கும் நேபாளி மாலை வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போவேன்.

நீங்கள் சென்னை அலுவலகத்திலிருந்து இதை விசாரிக்கவே வந்திருக்கிறீர்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன். நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். எழுதியதை மறுநாள் படித்து, உண்மையிலேயே அப்படித்தான் நடந்ததா என்று சந்தேகப்படுகிறவனும்கூட.

நம் பத்திரிகையின் டெல்லி அலுவலகத்தில், தொலைபேசியில் வரும் செய்தியைக் கேட்டு எழுதுவது என் வேலை. எங்கே என்ன நடந்தாலும் எனக்கு அதே நாற்காலிதான். 2005 தொடக்கத்தில் நேபாள மன்னர் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டபோது, காத்மாண்டுவின் தொலைபேசிகள் சில நாட்கள் செத்துக் கிடந்தன. அந்த ஊருக்கே போய்க் குடியிருந்து எழுத வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அதன்பின் உட்கார்ந்தால் கால் ஆடியது. சாப்பிடும்போது அம்மா என் முழங்காலைப் பிடித்து நிறுத்துவார்.

அலுவலகத் தலைவர் கஸ்தூரிரங்கன் சாரிடம் கேட்டேன்.

"வேணு அங்க இருக்கறச்சே நீ எதுக்குப்பா? மோமோ சாப்பிடவா?" என்றார். "அவன் போறும்னு திரும்பி வந்தா பார்க்கலாம். இப்போ போனை எடு, ஜல்தி."

வேணு அண்ணன் திண்டுக்கல்காரர். காத்மாண்டு பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். நமக்குச் செய்தி தருபவர் அவர்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அச்சில் எப்போதும் 'நமது நிருபர்' என்றுதான் வரும். தொலைபேசியை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், செய்தியைக் குடும்பக் கதையாகச் சொல்லத் தொடங்கினார். மன்னர் பெரியப்பா. கட்சித் தலைவர்கள் பங்காளிகள். மலையிலிருந்த கிளர்ச்சிக்காரர்கள் சம்பந்தி வீட்டார்.

"தம்பி, பெரியப்பாவுக்குக் கோவம் இன்னும் அடங்கல. பங்காளிக யாரும் வாசப்படி தாண்டக்கூடாதுன்னுட்டாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க ரோட்ட மறிச்சுட்டாங்க. உங்கக்கா தெனமும் உருளக்கெழங்கயே போடுறா."

"உருளைக்கிழங்கு யாருண்ணே?"

"அட, அது உருளக்கெழங்குதான்டா."

அவருடைய சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் எழுந்து, தனக்குத் தெரிந்த யாரைப் பற்றியாவது நேபாளியில் பேச வேண்டும். அதைக் கேட்பதற்கு ஆசிரியைக்கு வேண்டியவர் என்று ஒருவர் வருவார். சாம்பல் நிற ஸ்வெட்டர் அணிந்து கடைசி வரிசையில் இருப்பார். எங்கே வேலை என்று கேட்டால் புன்னகைப்பார். நம் உச்சரிப்பைப் பொறுமையாகத் திருத்துவார்.

என் முறை வந்தபோது வேணு அண்ணனைப் பற்றிப் பேசினேன். எனக்குத் தெரிந்து நேபாளத்தில் வாழ்பவர் அவர் ஒருவர்தானே. அவர் பெயர், பள்ளி, வீட்டுக்கு எதிரேயுள்ள கோயில், உருளைக்கிழங்கு. வகுப்பே சிரித்தது. உறவுப் பெயர்கள் அந்த வாரத்துப் பாடம் என்பதால், அண்ணன் தொலைபேசியில் தரும் செய்தியில் பெரியப்பா யார், சம்பந்தி யார் என்பதையும் விளக்கினேன். ஸ்வெட்டர்க்காரர் பள்ளியின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். உச்சரிப்பு சரியில்லையோ என்று நினைத்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். அதற்கு முந்தைய மாதம் சிந்து என்ற மாணவி, கிட்வாய் நகரில் அவர்கள் குடியிருப்புக் காவலாளியின் தம்பியைப் பற்றிப் பேசியிருந்தாள். நேபாளத்தில் தன் கிராமத்துக்கு வரும் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு போடுகிறவன் அவன். கொஞ்ச நாளில் அவனை யாரோ கூட்டிப் போனார்கள். அவன் திரும்பவில்லை. "நான் சும்மா கிளாஸ்ல பேசினதுதான், ராஜவேல். அந்த ஸ்வெட்டர் ஆள் கேட்டுட்டே இருந்தார்," என்று பேருந்து நிறுத்தத்தில் அழுதாள். உன் தப்பு இல்லை என்று ஆறுதல் சொல்லி, அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை.

எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது என் பழக்கம். அன்று பேச எழும் முன் திரும்பிப் பார்த்தேன். அவர் கடைசி வரிசையில் இருந்தார். இல்லாதிருந்தால் வேறு யாரைப் பற்றியாவது பேசியிருப்பேன்.

அடுத்த வாரம் வேணு அண்ணனின் மனைவி சாந்தகுமாரி அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, பெரியப்பா வீட்டு ஆளுங்கன்னு வந்து இவரக் கூட்டிட்டுப் போனாங்க. செருப்புக்கூடப் போட விடல. இப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்னு இவரு சொல்லி வச்சிருக்காரு. புரியுதுல்ல?"

"புரியுதுக்கா," என்றேன்.

நமது நிருபரைக் காணவில்லை என்ற செய்தியை நான்தான் எழுதினேன். கஸ்தூரிரங்கன் சார் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "நீ போறியா?" என்று கேட்டார்.

ஆகவே, ஆம், அவரைக் காட்டிக்கொடுத்தது நான்தான். தெரிந்தே செய்தேன். அது தவறு என்று சில நாட்கள் நாட்குறிப்பில் எழுதுகிறேன். மறுநாள் படித்தால் அவ்வளவு உறுதியாகத் தெரிவதில்லை.

என் பயணத்தை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை மறுபடியும் யோசிக்க வேண்டும். அக்கா தனியாக இருக்கிறார். மாடியறையை எனக்காகச் சுத்தம் செய்து வைத்திருப்பதாக நேற்றும் சொன்னார். வேணு அண்ணனைத் தேடுவதற்கு அங்கே நம் ஆள் ஒருவராவது இருக்க வேண்டாமா?